சான்றிதழில் அடித்து எழுதிய ஒரு சொல்

போன வாரம் காலை நடை முடிந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் செட்டில் மூத்தவரான அண்ணாச்சி ஒருவர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் பேத்திக்குக் கவுன்சிலிங்கில் மெக்கானிக்கல் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறதாம். சிவகிரியில் இருந்து ஒரு பிள்ளை மெக்கானிக்கல் படிக்கப் போகிறாள் என்றால் சந்தோஷப்பட வேண்டிய சங்கதிதானே. அந்தச் சந்தோஷத்தில் அண்ணாச்சி ஒரு கேள்வியும் கேட்டார்.

"எங்க அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்கலை. என் பேத்தி மிஷினைக் கழட்டி மாட்டப் போறா. இன்னமும் எதுக்குவே இந்தப் பெண்ணியம் பெண்ணியம்னு கூட்டம் போடுதாவ? அதெல்லாம் அந்தக் காலத்துக்குச் சரி."

பெஞ்சில் இருந்த மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் பாதி ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மீதிப் பாதி ஏன் ஆடவில்லை என்று யோசித்தேன். யோசித்ததை எழுதுகிறேன்.

அண்ணாச்சி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1973ல் தமிழ்நாடு காவல்துறையில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது மொத்தம் 22 பேர். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். 1989ல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கினார்கள். 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. நம் வயதுக்காரர்கள் இதையெல்லாம் கண்ணெதிரே பார்த்தவர்கள். தாலுகா ஆபீஸ் போனால் பாதி நாற்காலியில் பெண்கள்தான். வாசல் திறந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை.

வாசல் திறந்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்பதைத்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதற்குப் பொறியியல் கல்லூரியின் கதையையே எடுத்துக்கொள்கிறேன். அண்ணாச்சியின் பேத்தி படிக்கப் போவதும் அதைத்தானே.

கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794ல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. அது தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வரைக்கும் அங்கே ஒரு பெண்கூட படித்ததில்லை. அந்தப் பழக்கத்தை உடைத்தவர் அய்யலசோமயாஜுல லலிதா. சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பம். 1919ல் பிறந்தவர், 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார். அப்போது கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் விதவைப் பெண்ணுக்கு என்ன வாழ்வு காத்திருந்தது என்று நம் வீட்டுப் பாட்டிமாரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூலையில் உட்காரத்தான் வைத்திருப்பார்கள்.

லலிதாவுக்கு வாய்த்த அப்பா வேறு மாதிரி. பப்பு சுப்பாராவ், அதே கிண்டி கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். மகள் மறுபடி படிக்கட்டும் என்றார். டாக்டருக்குப் படிக்கலாமா என்று யோசனை வந்ததாம். ஆனால் டாக்டர் வேலைக்கு நேரம் காலம் கிடையாது, நடுராத்திரியில் கூப்பிடுவார்கள், கைக்குழந்தைக்காரிக்கு ஒத்துவராது என்று லலிதாவே அதை விட்டுவிட்டார். பொறியியல் என்று முடிவானது. கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோ, மாகாணக் கல்வித்துறை இயக்குநர் ஆர்.எம். ஸ்டேதம் இரண்டு பேரும் சம்மதம் கொடுத்தார்கள். எதிர்ப்பு இல்லாமல் கதவு திறந்தது. அப்பா பேராசிரியராக இல்லாத ஒரு விதவைப் பெண் விண்ணப்பம் போட்டிருந்தால் திறந்திருக்குமா என்பது என் சந்தேகம். இருக்கட்டும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நூற்றுக்கணக்கான பையன்கள் நடுவே ஒரே ஒரு பெண். விடுதியில் தனியாக இருந்தார். குழந்தை உறவினர் வீட்டில், வார இறுதியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். யாரும் தொந்தரவு கொடுத்ததாகச் சொல்லவில்லை. ஆனால் பேச ஆளில்லை. இதைப் பார்த்த அப்பா, கல்லூரி நிர்வாகத்திடம் போய் மற்றப் பிரிவுகளிலும் பெண்கள் சேரலாம் என்று விளம்பரம் கொடுங்கள் என்று கேட்டார். விளம்பரம் வந்தது. அதைப் பார்த்து இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா. இரண்டு பேரும் லலிதாவுக்கு ஒரு வருஷம் பின்னால். யுத்த காலம் என்பதால் படிப்பைச் சுருக்க, மூன்று பேருமே 1943ல் பட்டம் வாங்கினார்கள்.

பட்டச் சான்றிதழில் ‘ஹி’ என்று அச்சடித்திருந்தது. ஆண் பிள்ளைதான் வாங்குவான் என்று நினைத்து அச்சடித்த தாள். அதை அடித்துவிட்டுக் கையால் ‘ஷி’ என்று எழுதிக் கொடுத்தார்களாம். நான் பல வருஷம் ஆபீஸில் படிவங்களோடு மாரடித்தவன். படிவத்தில் அடித்துத் திருத்தினால் பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம் போட வேண்டும். போட்டிருப்பார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது! பிறகுதான் அந்தத் தாளின் அர்த்தம் உறைத்தது. ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள், படித்தும் முடித்தாயிற்று. தாள் மட்டும் அவளை எதிர்பார்க்கவே இல்லை.

லலிதா அதோடு நிற்கவில்லை. பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருஷம் பயிற்சி, சிம்லாவில் கொஞ்ச காலம் வேலை. பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் சேர்ந்து மின்பாதைகளும் துணைமின் நிலையங்களும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் வேலைகளிலும் அவர் கை உண்டு. 1953ல் லண்டன் மின் பொறியாளர் கழகம் அவரை இணை உறுப்பினராகவும் 1966ல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964ல் நியூயார்க்கில் உலகப் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகள் முதல் மாநாடு நடந்தது. இந்தியாவில் அப்படி ஒரு பெண் பொறியாளர் சங்கமே இல்லாததால் தன் சொந்தப் பொறுப்பில் போய்க் கலந்துகொண்டார். 1979ல், 60 வயதில் காலமானார். கூடப் படித்த திரேசியா 1971ல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். விளம்பரம் வராமல் போயிருந்தால் அந்தத் தலைமைப் பொறியாளர் இல்லை.

அந்த அப்பா எந்தக் கூட்டமும் போடவில்லை, பெண்ணியம் என்ற சொல்லை அவர் கேட்டிருப்பாரா என்றும் தெரியாது. ஒருத்தி போதாது, இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று நிர்வாகத்தின் முன்னால் போய்க் கேட்டார், அவ்வளவுதான். பெண்ணியம் என்று நாம் பெரிதாகச் சொல்வதில் பாதி இந்த மாதிரி கேட்பதுதான் என்பது என் எண்ணம்.

அதே காலத்தில் அதிகார நாற்காலிகளில் என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். 1951ல் ஐ.ஏ.எஸ். ஆன முதல் பெண் அன்னா ராஜம் ஜார்ஜ். கல்யாணத்துக்குப் பிறகு அன்னா ராஜம் மல்ஹோத்ரா. நேர்முகத் தேர்விலேயே, வெளியுறவுப் பணி, மத்திய பணி என்று எதிலாவது போ அம்மா, அதுதான் பெண்களுக்கு ஒத்துவரும் என்றார்கள். அவர் மசியவில்லை. சென்னை மாகாணத்துக்கு வந்தார். முதலமைச்சர் ராஜாஜிக்கு ஒரு பெண்ணைக் களத்துக்கு அனுப்பத் தயக்கம். செக்ரட்டேரியட்டில் இருக்கட்டும் என்றார். குதிரை ஏறவும் துப்பாக்கி சுடவும் பயிற்சி எடுத்த என்னை ஏன் ஆபீஸில் உட்கார வைக்கிறீர்கள் என்று வாதாடி, ஓசூரில் சப்-கலெக்டர் ஆனார். ஊருக்குள் யானைக் கூட்டம் வந்தபோது சுடாமல் காட்டுக்குத் திருப்பி அனுப்பினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அது போகட்டும். அவர் நியமன ஆணையில் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்று ஒரு வரி இருந்தது. எந்த ஆணுக்காவது அப்படி ஒரு வரி எழுதியிருப்பார்களா?

வெளியுறவுப் பணி பெண்களுக்கு ஒத்துவரும் என்று அன்னா ராஜத்திடம் சொன்னார்களே, அங்கேயும் கதை இதேதான். 1949ல் அதில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, குடகுக்காரர், நம் சென்னையில் படித்தவர். கல்யாணம் செய்தால் ராஜினாமா செய்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். 30 வருஷம் கழித்து, தன் பதவி உயர்வை மறுத்ததற்காகவும் இந்த விதிகளுக்காகவும் உச்ச நீதிமன்றம் போனார். 1979ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு. வழக்கு நடக்கும்போதே அரசு அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடி. ஆனால் பெண்ணுக்கு மட்டும் கல்யாணத் தடை போட்ட விதிகளைத் திருத்துங்கள் என்று அரசுக்கு நன்றாக உறைக்கும்படி சொன்னார்.

1979 என்றால் நான் வேலையில் சேர்ந்து விட்ட காலம். அதாவது இது வரலாறு மட்டும் இல்லை, என் சம்பளக் காலமும்தான். ஆகவே என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் இருந்த ஆபீஸுக்கு ஓர் இளநிலைப் பொறியாளர் வந்தார். பெண். எங்கள் உட்கோட்டத்தில் அவர் ஒருத்திதான். எங்கள் கட்டடத்தில் ஒரு கழிப்பறை, அதுவும் கொல்லைப்பக்கம், தாழ்ப்பாள் கிடையாது. அந்தப் பெண் காலையில் வீட்டில் குடித்த காபியோடு சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. தாழ்ப்பாள் ஒன்று வாங்கினால் எட்டு ரூபாயோ பத்து ரூபாயோ ஆகியிருக்கும்.

கொஞ்ச நாளில் மேலதிகாரி ஒரு முடிவு எடுத்தார். பாவம், பொம்பளைப் பிள்ளை வெயிலிலும் மழையிலும் வெளி வேலைக்கு அலைய வேண்டாம், ஆபீஸில் எஸ்டிமேட் பார்க்கட்டும். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்தக் குறிப்பாணையைத் தட்டச்சு அடித்தவன் நான். அந்தப் பெண் வந்து, எனக்கு வெளி வேலையே கொடுங்கள் சார் என்று கேட்டதும் எனக்குத் தெரியும். சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டோம். சில வருஷம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் தயாரானபோது அவர் பெயருக்கு நேராக ‘போதிய களப்பணி அனுபவம் இல்லை’ என்று எழுதி, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டார்கள். அந்தப் பட்டியலை அடித்தவனும் நான்தான். முதல் தாளுக்கும் இரண்டாவது தாளுக்கும் உள்ள சம்பந்தம் அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் ஏறியது.

பாதுகாப்பு என்ற பெயரில் வெளியே நிறுத்துவது எங்கள் ஆபீஸ் கண்டுபிடிப்பு இல்லை. சட்டத்திலேயே இருந்தது. 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 66ம் பிரிவில், சாயங்காலம் 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று இருந்தது. இரவு முழுவதும் பஞ்சு தூசியில் பெண்ணைப் பிழியக்கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் உண்டு. ஆனால் மூன்று ஷிப்ட் ஓடும் மில்லில் இரவு வேலைக்கு வர முடியாதவளை எந்த முதலாளி எடுப்பான்? பெண் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2000ம் வருஷம் டிசம்பரில், வசந்தா என்பவர் பெயரில் அறியப்படும் வழக்கில், பெண் என்பதால் மட்டும் தடுக்கும் அந்தப் பகுதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, தடையை எடுத்ததோடு நீதிமன்றம் கைகழுவவில்லை. இரவு ஷிப்டில் பெண்களை வைத்தால் இன்னின்ன ஏற்பாடு வேண்டும் என்று நிபந்தனை போட்டது. தனிக் கழிப்பறை, ஓய்வறை, போக வர வண்டி, பாலியல் தொல்லைக்கு எதிரான பாதுகாப்பு. அதோடு இன்னொன்றும் சொன்னது. பெண்களைப் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாகத்தான் வைக்க வேண்டும். கிண்டியில் சுப்பாராவ் கேட்டதும் இதைத்தானே?

நம் ரோட்டில் ராஜபாளையம் பக்கத்து மில் வேன்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதை நாம் தினமும் பார்க்கிறோம். அந்த வேனுக்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதே சமயம், எல்லாம் நன்றாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் வயசுப் பிள்ளைகளை மில் விடுதிகளில் அடைத்து, மூன்று வருஷம் கழித்து மொத்தப் பணம் என்று ஆசை காட்டி வேலை வாங்கிய கதைகளும் நம் மாநிலத்தில் உண்டு. தடை போனதும் வாசல் திறந்தது. நிபந்தனைகளை நடத்திக் காட்டச் சொல்லிக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் அந்த வாசல் பொறியாகவும் ஆனது.

காவல்துறையிலும் இந்த இழுபறி இன்னும் நடக்கிறது. 2021ல் முக்கியப் பிரமுகர்கள் போகும் சாலைகளில் பந்தோபஸ்துக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. மணிக்கணக்கில் வெயிலில் நிற்பார்கள், ஒதுங்க இடம் கிடையாது. உத்தரவைப் படித்ததும் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் என் தட்டச்சு இயந்திரம் ஞாபகத்துக்கு வந்தது. கழிப்பறை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதா, பெண்ணை வேலையில் இருந்து எடுப்பதா? எடுப்பது எப்போதுமே சுலபம்.

மேலே போனவர்களுக்காவது கவலை இல்லையா என்றால் அதுவும் இல்லை. அதே 2021ல் பெண் எஸ்.பி. ஒருவர், சிறப்பு டி.ஜி.பி. அந்தஸ்தில் இருந்த தன் மேலதிகாரி மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பியபோது வழியிலேயே அவர் காரை மறித்தார்கள். 2023ல் விழுப்புரம் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது. அதன் பிறகு மேல்முறையீடுகள். ஐ.பி.எஸ். தேறி ஒரு மாவட்டத்துக்கே எஸ்.பி. ஆனவருக்கே இந்தப் பாடு என்றால், 30 ஆண்கள் நடுவே ஒருத்தியாக லேத் பட்டறையில் நிற்கும் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? 1997ல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பும் 2013ல் வந்த சட்டமும் ஒவ்வோர் இடத்திலும் புகார்க் குழு வேண்டும் என்கின்றன. அந்த விசாகா வழக்கும் ராஜஸ்தானத்தில் ஓர் ஏழைப் பெண் ஊழியருக்கு நேர்ந்த கொடுமைக்காக, பெண்கள் அமைப்புகள் சேர்ந்து போட்ட வழக்குதான். அண்ணாச்சி கிண்டல் செய்யும் அதே ‘கூட்டம் போடுகிறவர்கள்’தான் போட்டார்கள்.

நமக்குப் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. 1993ல் நாகர்கோவிலில் எம். வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார். ஆசியாவிலேயே முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று பத்திரிகைகள் எழுதின. நம் பக்கத்துக்காரர் என்று நாமெல்லாம் பெருமைப்பட்டோம். 2017ல் அவர் ஓய்வும் பெற்றுவிட்டார். 1993க்குப் பிறகு சிவகிரி பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ ஆயிரம் தடவை பஸ் ஏறியிருக்கிறேன், ஓட்டுநர் இருக்கையில் ஒரு தடவைகூட ஒரு பெண்ணைப் பார்த்ததில்லை. முதல் பெண்ணுக்கு மாலை போட்டோம், போட்டோ எடுத்தோம். இரண்டாவது ஆளுக்கு விளம்பரம் கொடுங்கள் என்று கேட்கச் சுப்பாராவ் மாதிரி ஒருவர் அங்கே இல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் டீக்கடையில் அண்ணாச்சியிடம் இதில் பாதியைச் சொன்னேன். தட்டச்சு அடித்த கதையை மட்டும் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். முடிவில், "அப்ப என் பேத்தியைச் சேக்க வேண்டாங்கீரா?" என்றார்.

"ஐயோ, கட்டாயம் சேருங்க அண்ணாச்சி. சேக்கப் போறப்ப ரெண்டு விஷயம் மட்டும் விசாரிச்சுட்டு வாங்க. அந்தக் கிளாஸ்ல வேற எத்தனை பொம்பளைப் பிள்ளைங்க? ஒர்க்‌ஷாப் பக்கத்துல பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கா?"

"காலேஜ்ல போயி கக்கூஸ் எங்க இருக்குன்னு கேக்கச் சொல்லுதீரா? பிரின்ஸ்பால் என்ன நெனப்பாரு?"

பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கேட்டுட்டு வந்து சொல்லுதேன்வே" என்றார். திங்கட்கிழமை போகிறார்.